வறட்சியிலும் இலை உதிராத வேலி: மடவளை வீட்டு வளவுகளுக்கு ஏற்ற மரம் எது?

மடவளையிலும் அதனை அண்டிய ஊர்களிலும் வீட்டுக் காணிகள் தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கி வருவது நாம் அனைவரும் கண்கூடாகக் காணும் உண்மையாகும். பாட்டனார் காலத்தில் ஒரே தோட்டமாக இருந்த நிலம் பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டு, பேரப்பிள்ளைகளின் காலத்தில் சில பேர்ச்சஸ் துண்டுகளாகிவிட்டது. நிலம் அகலத்தில் குறைந்தமையால் வீடுகள் உயரத்தில் வளர்கின்றன. அத்துடன் எமது பிரதேசம் சமதரையன்று. மேட்டிலுள்ள வீட்டின் மாடி யன்னல், பள்ளத்திலுள்ள வீட்டின் பின்வளவை நேராகப் பார்க்கின்றது. கிணற்றடியும், துணி உலர்த்தும் கொடியும், பெண்கள் தலைமறைவின்றி வேலை செய்யும் இடமும் அந்தப் பின்வளவிலேயே உள்ளன. பார்ப்பவருக்கும் சங்கடம், பார்க்கப்படுபவருக்கும் சங்கடம்.

இச்சங்கடத்துக்குப் பலர் காணும் முதல் விடை மதில். மதிலை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும் மாடி யன்னலின் பார்வையை மறைக்கும் உயரத்துக்கு மதில் எழுப்புவது சாதாரண குடும்பத்தின் செலவுக்கு அப்பாற்பட்டது. சரிவான நிலத்தில் உயர்ந்த மதில் மழைநீரின் வழியை மறித்து, மண்ணின் பாரத்தையும் நீரின் பாரத்தையும் தன்மீது ஏற்றிக்கொள்கின்றது. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' புயலுடன் வந்த பெருமழையில் கண்டி மாவட்டம் கண்ட மண்சரிவுகளின் பின்னர், நீர் வடிந்தோட வழியில்லாத சுவர் எத்தகைய ஆபத்து என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இரண்டாவது விடையாக மரத்தை நாடுகின்றனர். இங்கும் ஏமாற்றமே பலருக்குக் கிடைக்கின்றது. மழைக்காலத்தில் நட்ட கன்றுகள் தை மாதம் வரை செழித்து நின்று, மாசி, பங்குனி வெயிலில் கருகிவிடுகின்றன. அல்லது மரம் உயிர்பிழைத்து நிற்க, அதன் இலைகள் முழுவதும் உதிர்ந்து, மறைப்பு வேண்டி நட்ட வேலி எலும்புக் கூடாகக் காட்சியளிக்கின்றது. இது ஏன் நிகழ்கின்றது, இதனைத் தவிர்ப்பதற்கு எதனை எங்கே எப்போது நட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகின்றோம்.

முதலில் எமது காலநிலையைப் பார்ப்போம். கண்டிப் பிரதேசம் மழைக்குப் பெயர்போனது. ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீற்றரை அண்மித்த மழை கண்டி நகரில் பெய்கின்றது. ஆனால் அம்மழை ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் பங்கிடப்படுவதில்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மிகுந்து பெய்யும் மழை, ஜனவரி தொடக்கம் மார்ச் வரையான காலத்தில் குறைந்து, பெப்ரவரியில் மிகவும் அருகிவிடுகின்றது. மேலும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளிலேயே தனது ஈரத்தின் பெரும்பகுதியை இறக்கிவிடுகின்றது. பேராதனையிலிருந்து கிழக்கே குண்டசாலை, திகன ஆகிய இடங்களை நோக்கிச் செல்லச் செல்ல மழை குறைவதை அங்கு வாழ்வோர் அறிவர். கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, திகன ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்டிருக்கும் மடவளை, ஈரவலயமும் இடைவலயமும் ஒன்றையொன்று தொடும் எல்லைப் பகுதியிலே அமைந்துள்ளது. இலங்கையின் விவசாயத் திணைக்களம் நாட்டை 46 விவசாய காலநிலைப் பிரதேசங்களாக வகுத்துள்ளமை, சில மைல் தூரத்துக்குள்ளேயே மண்ணும் மழையும் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதற்குச் சான்றாகும்.

வழமையான இந்த வறண்ட மாதங்களுக்கு மேலாக, சில ஆண்டுகளில் மழையே பொய்த்துவிடுகின்றது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2017ஆம் ஆண்டிலும் நீடித்த வறட்சி, அதற்கு முந்திய நான்கு தசாப்தங்களில் நாடு கண்டிராத அளவு கடுமையானதெனக் கணிக்கப்பட்டது. எனவே இன்று ஒரு வேலியை நடுபவர், அடுத்த மாசி மாதத்தை மாத்திரமன்றி அத்தகைய ஓர் ஆண்டையும் மனத்திற்கொண்டே கன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை விளக்க வேண்டியுள்ளது. 'வறட்சியைத் தாங்கும் மரம்' என நாற்றுமேடையில் கூறப்படும் மரங்கள் யாவும் ஒரே வழியில் வறட்சியைத் தாங்குவதில்லை. ஒரு சாரார் இலைகளை உதிர்த்துத் தமது நீர்ச்செலவைக் குறைத்து உயிர்பிழைக்கின்றனர். மறு சாரார் தடித்த அல்லது மெழுகுபூசிய இலைகளாலும், ஆழச் செல்லும் வேர்களாலும் இலையை உதிர்க்காமலே தாக்குப்பிடிக்கின்றனர். நிழலுக்கோ விறகுக்கோ பசளைக்கோ மரம் நடுபவருக்கு முதலாவது வகை போதுமானது. மறைப்புக்காக நடுபவருக்கு அது பயன்படாது. மரம் பிழைத்ததா என்று கேட்பதோடு நில்லாமல், பெப்ரவரி மாதத்தில் அதன் இலை நிற்குமா என்பதையும் நாம் கேட்டறிய வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமையே பல வேலிகள் பயனற்றுப் போவதற்குக் காரணமாகின்றது.

எமது பிரதேசத்தின் பழக்கமான வேலிமரம் இதற்குத் தக்க உதாரணமாகும். கிளிரிசீடியா எனவும், சீமைக் கிளுவை எனவும் அழைக்கப்படும் இம்மரத்தின் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்க நாடுகளுமாகும். அங்கே கொக்கோச் செடிக்கு நிழல் கொடுத்தமையால் கொக்கோவின் தாய் எனப் பொருள்படும் பெயரால் அதனை அழைக்கின்றனர். ஒரு காலத்தில் கொக்கோ பயிரிடப்பட்ட தும்பறைப் பள்ளத்தாக்கிலும், தேயிலை, மிளகுத் தோட்டங்களிலும் நிழலுக்காகவும் வேலிக்காகவும் இது பரவியது. காற்றிலுள்ள நைதரசனை வேரில் நிலைநிறுத்துவதாலும், தழை நல்ல பசளையாவதாலும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாவதாலும் இம்மரத்தின் சிறப்பை எவரும் மறுக்க முடியாது. கைப்பிடி பருமனான ஒரு தடியை வெட்டி மழைக்கு முன் ஊன்றினாலே துளிர்த்துவிடும் மரம் இது.

ஆனால் கிளிரிசீடியா இலையுதிர்க்கும் மரமாகும். வறண்ட மாதங்களில் இலைகளைக் கழித்துவிட்டு, வெறுங்கொம்புகளில் இளஞ்சிவப்புப் பூக்களைத் தாங்கி நிற்கும் அதன் அழகை நாம் ஆண்டுதோறும் பார்க்கின்றோம். பார்வைக்கு அது இனிமையே; பின்வளவுக்கு மறைப்பு இல்லை. யாழ்ப்பாணத்துக் கிளுவை வேலிக்கும் இதே குறை இருந்தது. அங்குள்ளோர் கதியால்களுக்கு இடையே தென்னங் கிடுகுகளையும் பனையோலைகளையும் வரிந்து கட்டி அக்குறையைத் தீர்த்தனர். உயிர்வேலி எல்லையைக் காத்தது. ஓலை மறைப்பைத் தந்தது. இரண்டு தேவைகளுக்கு இரண்டு பொருட்கள் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

கண்டிப் பிரதேசத்தவரும் இதற்குத் தமக்கே உரிய ஒரு தீர்வை அறியாமலே கையாண்டு வந்துள்ளனர். அதுவே கிளிரிசீடியாவில் படரும் மிளகுக் கொடியாகும். மிளகு ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் கொடி. தாங்குமரம் தனது இலைகளை உதிர்த்தாலும், அதன் உடலை அடியிலிருந்து சுற்றி ஏறிய மிளகின் கரும்பச்சை இலைகள் உதிர்வதில்லை. கிளிரிசீடியாவை நெருக்கமாக நட்டு, ஒவ்வொன்றிலும் மிளகை ஏற்றினால், சில ஆண்டுகளில் பச்சைத் தூண்களின் வரிசையொன்று உருவாகும். வருமானத்துக்காகத் தோட்டமாகப் பயிரிடுவோர் இரண்டரை மீற்றர் அளவு இடைவெளி விடுவர். மறைப்புக்காக நடுபவர் அதைக் காட்டிலும் மிக நெருக்கமாக நடலாம். காய் குறையும், மறைப்பு கூடும். மிளகின் வேர் ஆழமற்றது என்பதால், அடியில் சருகு மூடாக்கு இன்றேல் கடும் வறட்சியில் அதுவும் வாடிவிடும் என்பதை மறத்தலாகாது. மேலும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் கவ்வாத்துச் செய்யப்பட்ட கிளிரிசீடியா, இளங்கிளைகளுடன் வறண்ட காலத்துக்குள் நுழைவதால், வெட்டப்படாத மரத்தைப்போல் முற்றாக இலையுதிர்ப்பதில்லை. ஏற்கெனவே இம்மரத்தை வேலியாகக் கொண்டுள்ளோர் அதனைப் பிடுங்கி எறியத் தேவையில்லை. மிளகையும் கவ்வாத்தையும் கொண்டு அதனைத் திருத்திக்கொள்ளலாம்.

புதிதாக நடுவோர், மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன்னர் அளவு நாடாவை எடுக்க வேண்டும். எவ்வளவு உயரம் தேவை என்பது எங்கே நடுகின்றோம் என்பதைப் பொறுத்தது. உதாரணமாக, அயல்வீட்டு மாடி யன்னலில் நிற்பவரின் கண், உங்கள் வளவின் தரையிலிருந்து 5.5 மீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்வோம். கிணற்றடியில் நிற்பவரின் தலை உயரம் 1.5 மீற்றர். இருவருக்கும் இடையிலான கிடைத்தூரம் 10 மீற்றர். எல்லை, யன்னலிலிருந்து 3 மீற்றர் தூரத்தில் உள்ளது. எல்லையிலே மரத்தை நட்டால், அப்பார்வையை மறைக்க அது 4.3 மீற்றர் உயரம் வளர வேண்டும். அதே மரத்தைக் கிணற்றடிக்கு 2 மீற்றர் அருகில் நட்டால், 2.3 மீற்றர் உயரமே போதுமானது.

இக்கணக்கின் பயன் பெரிது. 2.3 மீற்றர் உயரத்தை ஒரு நல்ல செடி இரண்டு மூன்று ஆண்டுகளில் எட்டிவிடும். 4.3 மீற்றருக்கு மரம் வேண்டும். ஆண்டுகளும் கூடுதலாக வேண்டும். உயரமான மரத்துக்கு இலைப்பரப்பு அதிகம். இலைப்பரப்பு அதிகமானால் வறட்சியில் நீர்த்தேவையும் அதிகம். மறைக்க வேண்டிய இடத்துக்கு அருகே நடுபவர், நூறடி எல்லை முழுவதற்கும் நீரூற்றாமல் பத்துப் பதினைந்து அடிக்கு மட்டும் நீரூற்றினால் போதும். எல்லையிலிருந்து விலகி நடுவதால் கிளை, சருகு, வேர் பற்றிய அயற்சண்டையும் எழாது. எல்லை நெடுக மரம் நடும் வழக்கத்தைச் சற்று மறந்து, கிணற்றடியையும் கொடியையும் குசினி வாசலையும் மறைக்க எத்தனை செடிகள் தேவை என்று எண்ணிப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

இனி, எதை நடலாம் என்பதைப் பார்ப்போம். எமது மண்ணுக்குப் பழக்கப்பட்டதும், வறண்ட மாதங்களில் பசுமையை இழக்காததுமான செடிகளில் முதலிடம் ஆடாதோடைக்கு உரியது. இருமலுக்கான கஷாயத்தில் இதன் இலை சேர்வதை அறியாத பாட்டிமார் இல்லை. கசப்பு மிகுந்த இலையாதலால் ஆடும் மாடும் இதனைத் தொடுவதில்லை. தண்டை வெட்டி நட்டாலே வேர்விடும். இரண்டு தொடக்கம் மூன்று மீற்றர் வரை அடர்ந்து வளரும். மேற்கூறிய கணக்கின்படி கிணற்றடி மறைப்புக்கு இது மிகப் பொருத்தமானது.

அடுத்தது நொச்சி. தடிமலுக்கு ஆவி பிடிப்பதற்கு நாம் தேடும் செடி இதுவாகும். வெட்ட வெட்டத் தழைக்கும்; தண்டிலிருந்தே முளைக்கும்; வரண்ட மண்ணிலும் தளராது. கடும் வறட்சியில் அதன் அடர்த்தி சற்றுக் குறைந்தாலும் முற்றாக வெறுமையாவதில்லை. ஆடாதோடையையும் நொச்சியையும் மாறி மாறி நடுவது, ஒன்றைப் பூச்சியோ நோயோ தாக்கினாலும் வரிசை முழுவதும் அழியாதிருக்க வழிசெய்யும்.

மருதோன்றியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையன்று. பெருநாளுக்கும் திருமணத்துக்கும் கைச்சிவப்பைத் தரும் இச்செடி, உலர் நாடுகளில் பன்னெடுங்காலமாக வேலியாகவும் நடப்பட்டு வருகின்றது. வெயிலும் நீர்வடியும் மண்ணும் இருந்தால் போதும்; நிழலும் தேங்கும் ஈரமும் அதற்கு ஆகாது. முதிர்ந்த கிளைகளில் முள் தோன்றுவதால் வேலிக்குப் பாதுகாப்பும் கிடைக்கும். நீண்ட வறட்சியில் ஓரளவு இலையுதிரும் என்பதால், இதனைத் தனித்து நடாமல் பிற செடிகளுடன் சேர்த்து நடுவதே நன்று. மேற்கு வெயில் நேரே படும் மூலைக்கு இது ஏற்றது.

எட்டேரியா எனச் சிங்கள மொழியில் வழங்கும் செடியும் இப்பகுதித் தோட்டங்களில் பழக்கமானதே. கறிவேப்பிலையின் இனத்தைச் சேர்ந்த இதன் சிறு இலைகள் பளபளப்பாகவும் கரும்பச்சையாகவும் இருக்கும்; வெண்ணிறப் பூவின் மணம் மாலையில் வளவை நிறைக்கும். மெதுவாக வளர்ந்தாலும், வேரூன்றிய பின் வறட்சிக்கு எளிதில் அசையாது. கத்தரிக்கோலுக்கும் நன்கு பணியும். ஆயினும் தோடை, தேசி மரங்களின் நோயைக் காவும் பூச்சியினம் ஒன்று எட்டேரியாவிலும் வாழும். ஆகவே வளவில் தேசிமரம் வைத்திருப்போர் இதனை அதன் அருகில் நடாமல் விடுவது நல்லது.

பிராய் என்ற மரத்தை எமது பகுதியில் பலரும் மறந்துவிட்டனர். உலர்வலயத்தில் தானாக வளரும் இச்சிறுமரத்தின் இலை அரம்போல் சொரசொரப்பானது. முற்காலத்தில் மரச்சாமான்களைத் தேய்த்து மெருகூட்டுவதற்கு அதனைப் பயன்படுத்தினர். கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, கவ்வாத்துச் செய்யச் செய்ய அடர்த்தியாகும். வளர்ச்சி மெதுவானது, ஆனால் ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் வறட்சி அதனை அசைக்காது. பொறுமையுள்ளவர்களுக்கும், அடுத்த தலைமுறையை எண்ணி நடுபவர்களுக்கும் இது தகுந்த மரம்.

உயரமான மறைப்புத் தவிர்க்க முடியாதவிடத்து மூன்று மரங்களைக் குறிப்பிடலாம். நெட்டிலிங்கம் ஒடுங்கிய வடிவில் நிமிர்ந்து வளர்வதால் குறைந்த இடத்தையே பிடிக்கும். அதன் அலையோர இலைகள் தரைவரை தொங்கும். கொய்யா நான்கைந்து மீற்றருக்குள் அடங்கி, கனியும் தந்து, சாதாரண வறட்சியைத் தாங்கும். மா ஆழவேரூன்றி ஆண்டு முழுவதும் இலையுடன் நிற்கும். ஆனால் இளமையிலிருந்தே கவ்வாத்துச் செய்து அடக்காவிடின் சிறிய வளவை முழுவதும் விழுங்கிவிடும். இம்மூன்றையும் மதிலிலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் சில மீற்றர் தள்ளியே நட வேண்டும். வேம்பு எமது இரு சமூகத்தாரின் மதிப்புக்கும் உரிய மரம், வறட்சிக்கு அஞ்சாதது. ஆயினும் அது பெருமரம். நீர் தேங்கும் மண்ணில் வாடிப்போகும். சில பேர்ச்சஸ் வளவுக்கு அது பொருந்தாது.

தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்லியாக வேண்டும். அலரியும் மஞ்சள் அலரியும் வறட்சியில் வாடாதவை, இலையுதிர்க்காதவை, மலிவானவை. மறைப்புக்கு வேண்டிய குணங்கள் யாவும் அவற்றிடம் உள்ளன. எனினும் அவற்றின் இலையும் விதையும் இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சாகும். சிறுவர் விளையாடும் வளவில் அவற்றுக்கு இடமளிக்கலாகாது. மஞ்சள் மணிகளாகக் காய்த்துத் தொங்கும் துரந்தா வேலியின் காய்களும் சிறுவருக்கு நஞ்சே. இபில் இபில் மரம் வறட்சியை வெல்லும். ஆனால் அதன் விதைகள் அயல் வளவெங்கும் முளைத்துத் தொல்லை தரும். தடித்த இலைகளுக்காக அழகுச் செடியாக விற்கப்படும் 'கல் கொறக்கா' இலங்கையில் ஆக்கிரமிப்பு இனமாக இனங்காணப்பட்டதாகும். பறவைகள் அதன் விதையைப் பாறைகளுக்கும் பிற மரங்களுக்கும் கொண்டுசெல்கின்றன. அத்தி, ஆல் இனத்தைச் சேர்ந்த அழகுச் செடிகளின் வேர் சுவரையும் நீர்க்குழாயையும் மலக்குழியையும் பிளந்துவிடும்.

வெளியிலிருந்து வந்த மரம் எவ்வாறு ஓரிடத்தைக் கைப்பற்றும் என்பதைப் பார்க்க விரும்புவோர் கண்டி நகரிலுள்ள உடவத்தகலைக் காட்டுக்குச் சென்றால் போதும். தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதும், சிங்களத்தில் 'கட்டகுமஞ்சல்' என வழங்குவதுமான மரம் அங்கே நெருக்கமாகப் பரவி, சுதேச மரங்களின் கன்றுகளுக்கு இடமின்றிச் செய்துள்ளது. ஒரு வளவில் நடப்படும் மரம் அந்த வளவோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு எமது கண்முன்னே உள்ள சான்று அது.

எதை நட்டாலும், முதல் இரண்டு ஆண்டுகளில் எந்தக் கன்றும் வறட்சியைத் தாங்குவதில்லை. மரத்தின் வறட்சி தாங்கும் திறன் அதன் வேரின் ஆழத்தில் உள்ளது. அந்த வேர் ஓடுவதற்குக் காலம் வேண்டும். ஆகவே நடும் காலமே கன்றின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றது. ஒக்டோபர் மாதத்தின் முதல் மழையோடு நடப்பட்ட கன்றுக்கு, முதலாவது வறண்ட காலத்துக்கு முன் மூன்று மாதம் கிடைக்கின்றது. டிசம்பர் இறுதியில் நடப்பட்ட கன்றுக்குச் சில வாரங்களே கிடைக்கின்றன. ஒக்டோபரைத் தவறவிட்டவர்கள் அவசரப்படாமல் ஏப்ரல் மழை வரை காத்திருப்பதே மேலானது.

குழியை ஒன்றரை அடி ஆழத்துக்கும் அகலத்துக்கும் வெட்டி, மேல்மண்ணுடன் மக்கிய கூட்டெருவைக் கலந்து நிரப்ப வேண்டும். அடியில் தேங்காய்ப் பொச்சுகளை அடுக்குவது மழைநீரைச் சேமித்து வைக்கும். தென்னைக்குப் பல காலமாகப் பரிந்துரைக்கப்படும் இம்முறை மற்ற மரங்களுக்கும் உதவும். செடிகளுக்கிடையே இரண்டு முதல் மூன்று அடி இடைவெளி போதும். சரிவான நிலத்தில் செடியின் கீழ்ப்புறத்தே பிறைவடிவில் சிறு வரம்பு அமைத்தால், ஓடிப்போகும் நீர் வேரடியில் தங்கும். ஜனவரி பிறக்கும் முன் சருகையோ வெட்டிய புல்லையோ நான்கு விரற்கடை தடிப்பில் மூடாக்காக இட வேண்டும். தண்டில் மட்டும் படாமல் சற்று விலக்கி இடுதல் நன்று.

நீரூற்றும் முறையில் பலர் தவறிழைக்கின்றனர். தினமும் மாலையில் சிறிதளவு தெளிப்பது மண்ணின் மேற்பரப்பை மட்டுமே நனைக்கின்றது. வேர் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே தங்கிவிடுகின்றது. நீர் நின்ற அன்றே செடி வாடுகின்றது. வாரத்தில் இரு நாட்கள், ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வாளி நீரை மெதுவாக ஆழமாக இறங்கும்படி ஊற்றினால் வேர் கீழ்நோக்கி ஓடும். இரண்டாவது ஆண்டில் வாரம் ஒரு தடவை போதும். மூன்றாவது ஆண்டிலிருந்து சாதாரண வறட்சிக்கு நீர் தேவைப்படாது.

கிணறு வற்றும் காலத்தில் கன்றுக்கு நீர் எங்கே என்ற கேள்வி எழும். எமது வீடுகளில் ஒவ்வொரு நாளும் வீணே வடிகானுக்குச் செல்லும் நீர் இதற்குப் போதுமானது. வுழூச் செய்யும் நீரில் சவர்க்காரம் இல்லை. அந்த நீரைச் செடியடிக்குத் திருப்பிவிடச் சிறு குழாய் ஒன்றே வேண்டும். ஐந்து வேளையும் வுழூச் செய்யும் ஒரு குடும்பத்தின் நீர் சில கன்றுகளை வறண்ட மாதங்கள் முழுவதும் காப்பாற்றும். அரிசி களைந்த நீரும் மரக்கறி கழுவிய நீரும் அவ்வாறே. நீரை வீண்விரயம் செய்யலாகாது என்று போதிக்காத சமயம் எமக்குள் இல்லை. அப்போதனையை வீட்டின் பின்வளவில் கடைப்பிடிக்க இது ஒரு வாய்ப்பாகும்.

வளர்ந்த வேலியைப் பேணுவதில் இரண்டு விடயங்களை நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்று, கடுமையான கவ்வாத்தை வறண்ட காலத்தில் செய்யலாகாது. மழை தொடங்கும்போதே செய்ய வேண்டும். மற்றையது, வேலியின் அடிப்பகுதி அகன்றும் மேற்பகுதி ஒடுங்கியும் இருக்குமாறு வெட்ட வேண்டும். மேற்பகுதி அகன்றால் நிழல்பட்டு அடியிலைகள் உதிர்ந்து, கண்மட்டத்தில் மறைப்பு இல்லாமல் போகும்.

சட்டமும் இங்கே சிறிது தலையிடுகின்றது. எல்லையோரத்தில் பலாக்கன்று நடுவோர், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பலா மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது என்பதை அறிந்திருக்க வேண்டும். பலா போற்றத்தக்க மரமே. ஆனால் மறைப்புக்காக எல்லையில் நட்டு, பின்னர் வேண்டாமென்று வெட்ட நினைப்பவருக்கு அது எளிதான காரியமாக இராது. பலாவை வளவின் நடுவிலோ, இடமுள்ள மூலையிலோ நடுவதே அறிவுடைமை.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழி வெட்டுவதற்கு முன் அயல்வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசுவதை நாம் வற்புறுத்த விரும்புகின்றோம். மாடி யன்னலுக்கு உரியவர் உங்கள் வளவைப் பார்க்க வேண்டுமென்று யன்னல் வைத்தவரல்லர். அவருக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். நீங்கள் நடவிருக்கும் மரம் அவருடைய வெளிச்சத்தை மறைக்குமா, சருகு அவருடைய பீலியை அடைக்குமா என்று கேட்டறிந்தால், அவரே யன்னலின் கீழ்ப்பாதிக்குத் திரையிடவும் முன்வரலாம். அயலவரின் உரிமையை இஸ்லாம் எவ்வளவு வலியுறுத்துகின்றது என்பதும், தமிழ் மரபில் அயலுக்கு உள்ள இடமும் நாம் அறியாதவையல்ல. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் நிகழ்ந்த வன்செயல்களைக் கண்ட இப்பிரதேசத்தில், தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற வேறுபாடின்றி வேலிக்கு இருபுறமும் பேச்சு அறாதிருப்பதன் அருமை நன்கு உணரப்பட்டுள்ளது. மிளகுக் கொடி படர்ந்த வேலியின் ஊடே கறிக்கு ஒரு பிடி கறிவேப்பிலை கேட்கலாம். இருமலுக்கு ஆடாதோடை இலை பறித்துக் கொடுக்கலாம். மறைப்பும் உறவும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை.

பெரும் மரங்களையும் பெருஞ்செலவையும் நாடாமல், மறைக்க வேண்டிய இடத்தை அளந்து, அதன் அருகிலே இலையுதிராத சில செடிகளைக் கலந்து, ஒக்டோபர் மழையோடு நட்டு, இரண்டு வறண்ட காலங்களுக்குக் கைநீர் ஊற்றிக் காப்பாற்றுவோமாயின், அதன் பின்னர் அந்த வேலி எம்மைக் காக்கும். அதற்கு முன் செய்ய வேண்டிய சிறு வேலையொன்று உண்டு. வரும் பெப்ரவரி மாதத்து நண்பகலொன்றில் மடவளைத் தெருக்களிலே சற்று நடந்து, யாருடைய வேலி அப்போதும் பச்சையாக நிற்கின்றது என்பதைக் கவனியுங்கள். அந்த வீட்டாரிடம் ஒரு தண்டு கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.